ஆச்சி பதில்கள்: நமீபியாவுக்கு மூட்டை கட்டுகிறவர்களுக்கு

தென்மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் நமீபியாவின் பாலைவனத்தில் வழிகாட்டியோடு வேனில் சுற்றி வந்ததைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதி முடித்தேன் அல்லவா, அதற்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சள் பை நிறைய இருக்கின்றன. பாராட்டியவர்களுக்கு நன்றி, அவற்றுக்குப் பதில் தேவையில்லை. எதிர்த்துக் கேட்டவர்களுக்கும், உண்மையிலேயே கிளம்பப் போகிறவர்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும்தான் இந்தப் பக்கங்கள். காரைக்குடியில் காலமெல்லாம் பூகோளம் நடத்தியவள் நான். சில பதில்கள் நீளும்.

கேள்வி: "மணலைப் பார்க்க இவ்வளவு செலவா? ராஜஸ்தானில் இல்லாத மணலா?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். என்ன சொல்லட்டும் ஆச்சி?
(வாசகி, தேவகோட்டை)

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கையில் இருப்பது ஜெய்சல்மேர் வரைக்கும்தான் என்றால் ஜெய்சல்மேருக்கே போங்கள். அந்தப் பக்கத்துப் பாலைவனத் தேசியப் பூங்காவில் கானமயில் என்னும் அரிய பறவை கண்ணில் பட்டுவிட்டால், நமீபியா போய் வந்தவர்களே உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். ஆனால் இரண்டும் ஒரே மணல் என்று மட்டும் சொல்ல வேண்டாம். தார் பாலைவனத்தில் ஊர் இருக்கிறது, ஆடு இருக்கிறது, கம்பு விதைத்த நிலம் இருக்கிறது. நமீப் பாலைவனம் அட்லாண்டிக் கடலின் விளிம்பில் ஆளரவமில்லாமல் கிடக்கிறது. நமீபியா தமிழ்நாட்டைப்போல் ஆறு மடங்குக்கு மேல் பரந்த நாடு. மொத்த மக்கள் 30 லட்சம். 2011 கணக்கெடுப்பில் நம் மதுரை மாவட்டத்தில் மட்டுமே அத்தனை பேர் இருந்தார்கள்.

கடலை ஒட்டி பெங்குவேலா என்னும் குளிர்நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. அதன்மேல் வரும் காற்று குளிர்ந்து, மேலெழுந்து மழையாகாமல் மூடுபனியாகத் தரையோடு படர்கிறது. கடல் பக்கத்திலேயே இருந்தும் மழை இல்லாத காரணம் இதுதான். சுவாகோப்முண்ட் நகரில் ஓராண்டு முழுவதும் பெய்வது 20 மில்லிமீட்டரை எட்டினாலே அதிகம். நம் பக்கம் ஐப்பசியில் ஒரே இரவில் அதைவிடக் கூடுதலாகக் கொட்டும். அந்த மணலும் அங்கேயே உண்டானதில்லை. லெசோத்தோ மலைகள் தொடங்கி வழியெல்லாம் அரித்த மண்ணை ஆரஞ்சு ஆறு கடலில் கொண்டுபோய்க் கொட்டியது, நீரோட்டம் அதை வடக்கே தள்ளியது, காற்று கரையேற்றியது. கடலைவிட்டு உள்ளே போகப் போக மணலில் உள்ள இரும்பு துருவேறி, நிறம் நம் ஊர்ச் செம்மண்ணாகிவிடுகிறது. 2013இல் யுனெஸ்கோ இந்த மணற்கடலை உலக மரபிடமாக அறிவித்தது. வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அப்போதும் "மணல்தானே" என்றால், அவரை விட்டுவிட்டுத் தங்கையை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: என் மகன் நன்றாக வண்டி ஓட்டுவான். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஜீப்பை வாடகைக்கு எடுத்து நாங்களே போனால் செலவு குறையாதா? வழிகாட்டி எதற்கு?
(ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், பள்ளத்தூர்)

குறையும். அப்படிப் போகிறவர்களும் ஏராளம். உங்கள் மகனின் திறமையிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம்மூர்ச் சாலையில் தேர்ந்த கைக்கு அங்கே ஒரு புதுப் பாடம் காத்திருக்கிறது. பெரிய நெடுஞ்சாலைகளை விட்டு விலகியதும் தார் முடிந்து சரளைச்சாலை தொடங்கிவிடும். பாலைவனப் பயணத்தில் பெரும்பகுதி இந்தச் சரளையில்தான். வண்டிகள் ஓடி ஓடிச் சாலையின் குறுக்கே வரிவரியாக மேடு விழுந்திருக்கும். வேனில் பல் கிட்டிக்கொள்ளும். பார்வைக்கு எட்டிய தூரம் வரை எதிரே யாரும் இல்லையே என்று வேகம் எடுத்தால், ஒரு வளைவில் சரளை சறுக்கி வண்டி குடைசாய்ந்துவிடும். அந்த நாட்டில் சுற்றுலாப் பயணிகள் அடிபடுவது சிங்கத்தாலோ யானையாலோ அல்ல, பெரும்பாலும் இப்படித்தான். எங்கள் ஓட்டுநர் 80ஐத் தாண்டியதே இல்லை. சரளை தொடங்கும் இடத்தில் இறங்கி டயரில் காற்றைக் குறைப்பார். தார் வந்ததும் ஏற்றிக்கொள்வார். வேனுக்குப் பின்னால் ஒன்றுக்கு இரண்டாக மாற்று டயர் இருந்தது. பெட்ரோல் பங்க் எங்கே கண்ணில் பட்டாலும், பாதி டேங்க் இருந்தாலும், நிரப்பிக்கொண்டுதான் நகர்வார். பொழுது சாய்ந்தபின் ஓட்ட மாட்டார். குடு என்னும் பெரிய மான் இருட்டில் திடீரென்று சாலைக்குள் பாயும்.

இதெல்லாம் மகன் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வேறொன்றுக்கு. டமராலாந்துப் பகுதியில் வறண்ட ஆற்றுப்படுகை ஒன்றில் வேன் நின்றது. எங்கள் வழிகாட்டி அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இறங்கி மணலில் குந்தி உட்கார்ந்தார். எங்கள் கண்ணுக்கு அங்கே குழிகள்தான். அவர் முன்கால் தடத்தையும் பின்கால் தடத்தையும் பிரித்துக் காட்டினார்: முன்கால் வட்டம், பின்கால் சற்று நீள்வட்டம். முன்காலின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரண்டு மடங்காக்கினால் அந்த யானையின் தோள் உயரம். தடத்தின் விளிம்பு இன்னும் உதிரவில்லை, காலையில் வீசிய காற்று இதன்மேல் படவில்லை, ஆகவே காற்று அடங்கிய பிறகு போயிருக்கிறது என்றார். பக்கத்தில் சின்னத் தடம் ஒன்று, குட்டி இருக்கிறது.

என் சம்பந்தி ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. "போன பக்கமே போய்ப் பார்த்துவிடலாமே" என்றார்கள். வழிகாட்டி ஒரு பிடி மணலை எடுத்து விட்டுப் பார்த்தார். காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து யானைகள் போன திசைக்கு வீசியது. பின்னாலேயே போனால் எங்கள் வாடை அவற்றுக்கு எட்டிவிடும். வேனைத் திருப்பி, சுற்றுவழியில் வெகுதூரம் போய், படுகை வளையும் இடத்தில் மரநிழலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். பேச்சு கூடாது என்று மட்டும் சொன்னார். எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. சம்பந்தி ஆச்சி ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டார்கள். பிறகு அவை வந்தன. தாய், பின்னால் இன்னும் சில பெண் யானைகள், நடுவில் குட்டி. எங்களைத் தாண்டித் தங்கள் போக்கில் நடந்தன. நாட்கணக்கில் தண்ணீர் இல்லாமல் நடந்து, ஆற்றுப்படுகையில் குழி தோண்டிக் குடிக்கத் தெரிந்த யானைகள் அவை. உங்கள் மகன் வண்டி ஓட்டுவார் ஐயா. அந்த ஒரு பிடி மணலை எப்போது எடுத்து விட வேண்டும் என்று யார் சொல்வது?

கேள்வி: ஒரு டிராவல்ஸில் கொடுத்த பயணத் திட்டத்தை இணைத்திருக்கிறேன். பத்தே நாளில் நாடு முழுவதும் காட்டுவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?
(வாசகர், கானாடுகாத்தான்)

காட்டுவார்கள், ஜன்னல் வழியாக. நீங்கள் அனுப்பிய தாளில் தெற்குக் கோடியில் ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கு, தென்மேற்கில் லூடெரிட்ஸ், வடமேற்கு எல்லையில் எப்பூபா அருவி, வடகிழக்கு வாலில் சம்பேசி ஆறு எல்லாம் இருக்கின்றன. சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

முதலில் லூடெரிட்ஸை அடித்தேன். அதன் பக்கத்தில் கோல்மன்ஸ்காப் என்று ஒரு கைவிடப்பட்ட ஊர். 1908இல் ரயில்பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் கையில் வைரம் கிடைத்தது; சில ஆண்டுகளுக்குள் ஜெர்மானியர்கள் மாளிகை மாளிகையாகக் கட்டினார்கள்; வைரம் வேறு இடத்தில் அதிகமாகக் கிடைக்க, 1956இல் கடைசிக் குடும்பமும் வெளியேறியது. இப்போது கூடத்தில் மணல் முழங்கால் உயரம். அழகுதான். ஆனால் ஆளில்லாமல் கிடக்கும் மாளிகையைப் பார்க்கக் கானாடுகாத்தான்காரர் அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்ன?

எப்பூபாவையும் சம்பேசியையும் அடித்தேன். ஃபிஷ் ரிவரையும்தான், அதுவே தனிப் பயணம். மிஞ்சியது ஒரு வளையம். தலைநகர் விண்ட்ஹோக்கிலிருந்து தென்மேற்கே, நமீப் மணல்மேடுகளுக்கு வாயிலான செஸ்ரியம்; அங்கிருந்து சுவாகோப்முண்ட்; வடக்கே டமராலாந்து; பிறகு எட்டோஷா என்னும் விலங்குப் பூங்கா; திரும்ப விண்ட்ஹோக். ஒவ்வொரு தாவலுக்கும் 300 கிலோமீட்டருக்குக் குறையாது. சரளையில் அது அரை நாளைத் தின்றுவிடும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது இரண்டு இரவு கேளுங்கள், எட்டோஷாவில் மூன்று. "அதற்குள் இன்னும் ஓர் இடம் சேர்க்கலாமே" என்று அவர்கள் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

செஸ்ரியத்தில் பூங்கா வாயிலுக்கு உள்ளே தங்க இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். உள்ளே தங்குபவர்களை விடிவதற்கு முன்பே மணல்மேடுகளுக்குப் போக விடுகிறார்கள். வெளியே இருப்பவர்கள் சூரியன் எழும்வரை வாயிலில் நிற்க வேண்டும். அறுபது கிலோமீட்டர் தார்ச்சாலை, கடைசி ஐந்து கிலோமீட்டர் வெறும் மணல். அந்த ஐந்தில் சொந்த ஜீப்காரர்கள் புதைந்து நிற்பதைத் தினமும் பார்க்கலாம். (பள்ளத்தூர் ஐயா கவனிக்க.)

சுவாகோப்முண்டுக்குப் போகும் வழியில் மகரரேகையைத் தாண்டுவீர்கள். ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட கோடு, இங்கே புழுதியில் நிற்கிறது. நான் இறங்கிக் கும்பிட்டேன், சிரிக்காதீர்கள். கடலோரத்தில் வால்விஸ் பே காயலில் பூநாரைகள். வடக்கே கேப் கிராஸ், போர்த்துக்கீச மாலுமி தியோகோ காவ் 1486இல் கல் சிலுவை நட்ட இடம். இப்போது சீல் எனப்படும் கடல்நாய்களின் ராஜ்ஜியம். நாற்றம் சாதாரணமானதில்லை, காலை உணவுக்கு முன்னால் போய்விட்டு வாருங்கள். டமராலாந்தில் ட்வைஃபல்ஃபான்டேன் பாறைச் செதுக்கல்களைத் தவறவிடாதீர்கள். சான் மக்களின் முன்னோர் செதுக்கியவை, 2,000க்கும் மேல். சிங்கத்தின் வால் நுனியில் ஒரு பாதச்சுவடு இருக்கிறது, அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கடல் அங்கிருந்து வெகுதொலைவு. ஆனாலும் பாறையில் ஒரு கடல்நாய் இருக்கிறது.

கேள்வி: செஸ்ரியம் மணல்மேடுகளுக்கு நடுவே டெட்ஃப்ளே என்னும் இடத்தில் செத்த மரங்கள் பல நூறு ஆண்டுகளாக நிற்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். ஏன் மக்கவில்லை? அப்படிப்பட்ட இடத்தில் உயிருள்ளவை எப்படிப் பிழைக்கின்றன?
(கல்லூரி மாணவி, காரைக்குடி)

கேட்டாயே, இதுதான் கேள்வி. அந்த மரங்கள் நம் கருவேலமரத்துக்கு நெருங்கிய உறவு. ஒரு காலத்தில் சவுச்சாப் ஆறு அங்கே வந்து தேங்கியது, மரங்கள் வளர்ந்தன. பிறகு மணல்மேடுகள் நகர்ந்து ஆற்றின் வழியை அடைத்துவிட்டன. தண்ணீர் நின்றது, மரங்கள் செத்தன. ஏறத்தாழ 600, 700 ஆண்டுகளுக்கு முன் என்கிறார்கள். மக்குவதற்குப் பூஞ்சையும் நுண்ணுயிரும் வேண்டும்; அவற்றுக்கு ஈரம் வேண்டும். ஈரமே இல்லாததால் மரம் காய்ந்தது, வெயிலில் கருகியது, நின்றபடியே நிற்கிறது. வெள்ளைக் களிமண் தரை, கறுத்த மரம், சுற்றிலும் செம்மணல், மேலே நீலம். எதிரே இருக்கும் பெரிய மேடு 300 மீட்டருக்கு மேல் உயரம். நாங்கள் போனது ஆடி மாதம். நம்மூர் ஆடிக்காற்றுக்கு அண்ணன் அங்கே அடிக்கிறான். மேட்டின் முதுகில் நின்றால் கன்னத்தில் மணல் ஊசி ஊசியாகக் குத்தும்.

உயிருள்ளவற்றுக்கு வருகிறேன். அந்த மூடுபனியைச் சொன்னேன் அல்லவா, அதுதான் பால்மாறாத தாய். ஒருவகைக் கருவண்டு விடியற்காலையில் மணல்மேட்டு உச்சிக்கு ஏறி, காற்றைப் பார்த்துத் தலைகீழாக நிற்கிறது. முதுகில் பனி துளித்துளியாகப் படிந்து வாய்க்கு வழிந்து வருகிறது, குடிக்கிறது. வெல்விட்சியா என்றொரு செடி, பிறந்தது முதல் இரண்டே இலை. அந்த இரண்டும் காற்றில் கிழிந்து நார்நாராகி, பார்ப்பதற்கு யாரோ குப்பையைக் குவித்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். ஆனால் வயது ஆயிரத்தைத் தாண்டும். அதைச் சுற்றி நடக்கும்போது தள்ளி நட. வேர் மண்ணுக்குக் கீழே ஓரமாகப் பரவியிருக்கும்.

ஓரிக்ஸ் மான் வியர்த்துத் தண்ணீரை வீணாக்காது. உடல் சூட்டை 40 டிகிரிக்கு மேல் ஏறவிட்டுச் சும்மா நிற்கும். மூளைக்குப் போகும் ரத்தத்தை மட்டும், மூக்கில் மூச்சால் குளிர்ந்து திரும்பும் ரத்தக்குழாய்களின் பக்கமாக ஓடவிட்டு ஆற்றிக்கொள்ளும். நடுப்பகலில் மணல்மேட்டின் முகட்டில் அது நிற்பதைப் பார்த்து "பாவம், நிழல்கூட இல்லையே" என்றேன். வழிகாட்டி சிரித்தார். அங்கேதான் காற்று அதிகம்.

கேள்வி: ஆச்சி, அங்கே புலி பார்த்தீர்களா?
(ஆறாம் வகுப்பு மாணவன், திருப்பத்தூர்)

இல்லை கண்ணு. ஆப்பிரிக்கக் காட்டில் புலியே கிடையாது. புலி ஆசியாவின் சொத்து. அங்கே சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி உண்டு. சிவிங்கிப்புலி நம் நாட்டிலும் இருந்தது; வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். 1952இல் இந்தியாவில் அது அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பிறகு 2022 செப்டம்பர் 17 அன்று எட்டுச் சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் இறங்கின. எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறாய்? இதே நமீபியாவிலிருந்துதான். கண்ணுக்குக் கீழே கறுப்பாகக் கண்ணீர்க்கோடு இருந்தால் சிவிங்கிப்புலி. சிறுத்தைக்கு அது கிடையாது.

கேள்வி: "பெரிய ஐந்து விலங்குகளையும் எட்டோஷாவில் காட்டுவோம், உத்தரவாதம்" என்று விளம்பரம் பார்த்தேன். நீங்கள் ஐந்தையும் பார்த்தீர்களா? ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை விலங்கு பார்க்கலாம்?
(வாசகர், கோட்டையூர்)

அந்த விளம்பரத்தைக் கிழித்துப் போடுங்கள். பெரிய ஐந்து என்பது சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. எட்டோஷாவில் காட்டெருமையே இல்லை. இல்லாததற்கு உத்தரவாதம் கொடுப்பவர் இருப்பதை எப்படிக் காட்டுவார்?

சராசரிக் கணக்குக்கும் எனக்கும் ஒத்துவராது. எட்டோஷா 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த பூங்கா. அதன் நடுவில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் உப்பளம் மட்டுமே நம் சிவகங்கை மாவட்டத்தைவிடப் பெரியது. நடுவே புல்கூட முளைக்காது. ஆகவே விலங்குகள் அதன் தென்கரை ஓரமாக உள்ள ஊற்றுகளுக்கு வந்துதான் ஆக வேண்டும், அதிலும் மழை முடிந்த ஜூன் முதல் அக்டோபர் வரை. இதைப் புரிந்துகொண்டவர் வேனில் அலைய மாட்டார். ஒரு நீர்நிலை ஓரமாக நிறுத்திவிட்டு உட்காருவார். முதல் கால்மணி நேரம் ஒன்றுமே இல்லை. அடுத்து வரிக்குதிரைகள் வரும். குடிக்காமல் நின்று பின்வாங்கும். ஏன் என்று பார்த்தால் புதரில் ஒரு சிங்கத்தின் காது. ஒட்டகச்சிவிங்கி வந்து, முன்காலை அகட்டிக் குனியும் தருணத்தில் மட்டும் அதற்கு உயிர்ப்பயம். இருமுறை குனிந்து நிமிர்ந்து மூன்றாவதாகத்தான் குடிக்கும். யானைக்கூட்டம் வந்தால் சிங்கம் உட்பட எல்லாரும் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்த வரிசை மரியாதையைப் பார்க்க ஒரு முழு முற்பகல் வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வண்டி வந்தது, "சிங்கம் இல்லையா" என்று கேட்டது, போய்விட்டது. அந்தக் காது அவர்களிடமிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

இரவில் ஒகாக்குயோ முகாமை விட்டு நகராதீர்கள். முகாமின் சுற்றுச்சுவரை ஒட்டியே ஊற்று, மங்கலான மஞ்சள் விளக்கு, உட்காரப் பெஞ்சு. கறுப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிக்க வரும். உலகத்தில் இவ்வளவு எளிதாக அதைக் காணக்கூடிய இடங்கள் மிகச் சில. சால்வை, வெந்நீர்ப் பிளாஸ்க், பேசாத துணை மூன்றும் வேண்டும். மூன்றாவதுதான் கிடைப்பது அரிது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?
(வாசகி, குன்றக்குடி)

வேண்டாம். ஆனால் அது மாட்டிறைச்சியும் மான் இறைச்சியும் கொண்டாடும் நாடு என்பதை மறக்காதீர்கள். கோழியும் மீனும் சைவத்தில் சேராது என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். விடுதிகளில் ரொட்டி, பழம், உருளைக்கிழங்கு, பூசணி, பருப்பு சூப் கிடைக்கும். உங்களுக்கு ஒரு நற்செய்தி: வடக்கே ஒவாம்போ மக்களின் அன்றாட உணவு மஹாங்கு. அது நம் கம்பேதான்! மாவை வெந்நீரில் கிளறிக் களியாக வைக்கிறார்கள். நான் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்து சாப்பிட, சமையல்காரர் ஒரு கவளம் கேட்டு வாங்கித் தின்று பார்த்து, பொடி டப்பாவையே வைத்துக்கொண்டார். ஆகவே பருப்புப்பொடி இரண்டு டப்பாவாக எடுத்துச் செல்லுங்கள். புளிக்காய்ச்சல், அவல், தேன்குழல், சீடை போதும். சீடை சரளைச்சாலைக்கு ஏற்றது, உடையாது.

கேள்வி: வயது அறுபத்தைந்து, முழங்கால் வலி. கூடாரத்தில் தங்க வேண்டுமா? வழியில் கழிப்பறை இருக்குமா? கூச்சமாக இருக்கிறது, ஆனால் கேட்காமல் போக முடியாது.
(வாசகி, நாச்சியாபுரம்)

கூச்சம் எதற்கு? இதைக் கேட்காமல் கிளம்புகிறவர்கள்தான் வழியெல்லாம் தண்ணீர் குடிக்காமல் மயங்கி விழுகிறார்கள். சரளைச்சாலையில் பல மணி நேரத்துக்குக் கழிப்பறை இராது. வேன் நிற்கும், பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம். வழிகாட்டி முதலில் போய்ப் புதரைத் தட்டிப் பாம்பு இல்லை என்று பார்த்துவிட்டு வருவார். நீளப் பாவாடை அல்லது தொளதொளப்பான சுடிதார், ஒரு சிறு மண்வாரி, காகிதத்தைத் திரும்ப எடுத்துவர ஒரு பை. எட்டோஷாவுக்குள் மட்டும், வேலி போட்ட கழிப்பறை தவிர எங்கேயும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. அது சட்டம், உங்கள் உயிருக்கும் நல்லது.

இரண்டு வகைப் பயணம் உண்டு. ஒன்றில் கூடாரத்தை நாமே அடித்து, நாமே பாத்திரம் கழுவ வேண்டும். மற்றது விடுதிவிட்டு விடுதி. முழங்காலுக்கு இரண்டாவதுதான். இருந்தாலும் ஓர் இரவாவது, கட்டில் போட்ட நிலையான கூடாரத்தில் படுங்கள். நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து சித்திரை, வைகாசியில் தெற்கே தாழ்வாகத் தெரியும் தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம் அங்கே நெற்றிக்கு மேல் நிற்கும். முகாம்களில் குளிக்க வெந்நீரும் உண்டு. இரும்புப் பீப்பாய்க்கு அடியில் விறகு எரிப்பார்கள். ஆடி மாதம் அங்கே குளிர்காலம். பகலில் நம்மூர் மார்கழி வெயில், இரவில் தண்ணீர் உறையும் நிலைக்குக்கூடப் போய்விடும். பாலைவனம் என்றால் சூடு என்று நினைத்துப் பருத்திச் சேலையோடு வந்த என் சம்பந்தி ஆச்சி என் கம்பளிக் குல்லாவைப் பறித்துக்கொண்டார்கள்.

கேள்வி: அங்குள்ள ஹிம்பா பழங்குடிப் பெண்கள் உடம்பில் செம்மண் பூசியிருப்பார்களாமே. படம் எடுக்கலாமா?
(புகைப்பட ஆர்வலர், காரைக்குடி)

அது வெறும் செம்மண் இல்லை. காவிக்கல்லைப் பொடித்து வெண்ணெயில் குழைத்தது. வெயிலுக்கும் வறட்சிக்கும் காப்பு, அழகும்கூட. படம் எடுக்கலாம், கேட்டுவிட்டு. நம் வளவுக்குள் செருப்போடு நுழைந்து, ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாளை மரச்சாமான்போல் படமெடுத்துவிட்டுப் போகும் வெளியூர்க்காரர்களைப் பார்த்து நாம் எப்படிப் பல்லைக் கடிக்கிறோம்? அதே கோபம் அவர்களுக்கும் வரும். வழிகாட்டி மூலம் மூத்தவரிடம் அனுமதி கேளுங்கள், உட்கார்ந்து பேசுங்கள், அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். "உனக்கு எத்தனை பிள்ளை, எங்கே இருக்கிறார்கள்" என்று என்னைக் கேட்டார்கள். எல்லாரும் வெளிநாட்டில் என்றதும், மாடுகளை யார் பார்க்கிறார்கள் என்றார்கள்.

பணம் யாருக்குப் போகிறது என்றும் விசாரியுங்கள். 1996இல் வந்த சட்டப்படி கிராம மக்களே சேர்ந்து தங்கள் நிலத்து விலங்குகளைப் பேணவும் அதிலிருந்து வருமானம் பெறவும் உரிமை உண்டு. அப்படிப்பட்ட சமூகக் காப்பகங்கள் 80க்கும் மேல் இருக்கின்றன. அவர்களோடு சேர்ந்து நடத்தப்படும் விடுதியைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் பணத்தில் ஒரு பங்கு யானை மிதித்துத் தோட்டம் பாழானவருக்கும் போய்ச் சேரும்.

கேள்வி: சுவாகோப்முண்டை "ஆப்பிரிக்காவின் குட்டி ஜெர்மனி" என்கிறார்களே, அவ்வளவு அழகா?
(வரலாற்று ஆசிரியர், சிவகங்கை)

அழகுதான், ரொட்டிக்கடையும் நன்றாக இருக்கும். நீங்கள் வரலாற்று ஆசிரியர் என்பதால் ஊரின் ஓரத்துக்கும் போகச் சொல்வேன். அங்கே பெயர் பொறிக்காத சின்னச் சின்ன மண்மேடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மானியக் குடியேற்ற ஆட்சி கொன்றும் பாலைவனத்துக்குள் விரட்டியும் முகாம்களில் அடைத்தும் அழித்தது. அந்த முகாம்களில் ஒன்று இந்த ஊரில் இருந்தது. அது இனப்படுகொலைதான் என்று ஜெர்மனி ஒப்புக்கொள்ள 2021 ஆயிற்று. எங்கள் பயணத் திட்டத்தில் இந்த இடம் இல்லை. நாங்கள் கேட்டோம், வழிகாட்டி மறுபேச்சில்லாமல் அழைத்துப் போனார்.

கேள்வி: தடுப்பூசி, விசா, பணம் பற்றி?
(பலர்)

சுருக்கமாகச் சொல்கிறேன். வழியில் விமானம் மாறும் நாடு எத்தியோப்பியாவோ கென்யாவோ ஆனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே கேட்பார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். அறுபது தாண்டியவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. எட்டோஷாவிலும் அதற்கு வடக்கேயும் மலேரியா உண்டு, மழைக்காலத்தில் அதிகம். அதற்கும் மருத்துவரே கதி. விசா விதி அடிக்கடி மாறுகிறது, டெல்லியில் உள்ள நமீபியத் தூதரகத்தைக் கேளுங்கள். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒரே மதிப்பு. ராண்டை அங்கே வாங்கிக்கொள்வார்கள், நமீபிய டாலரைத் தென்னாப்பிரிக்காவில் மாற்றுவது சிரமம்.

கேள்வி: எனக்கு அந்த வழிகாட்டியைப்போல் ஆக வேண்டும். எங்கே படிப்பது?
(பிளஸ் டூ மாணவர், சிங்கம்புணரி)

முதலில் வேட்டங்குடிக்குப் போ தம்பி, உனக்குப் பக்கம்தான். 1977இலிருந்து அது பறவைகள் சரணாலயம். வலசைப் பறவைகள் வந்து கூடு கட்டும் கண்மாய். அவை கலையக்கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கார்த்திகையில் ஒரு விடியற்காலையில் போய், கைப்பேசியை அணைத்துவிட்டு, வெயில் ஏறும்வரை கரையில் உட்கார். எந்தப் பறவை எந்தப் பக்கமிருந்து வருகிறது, எதைக் கொண்டுவருகிறது, எதற்காகச் சண்டை போடுகிறது என்று எழுதி எனக்கு அனுப்பு. அந்தத் தாளைப் பார்த்த பிறகு, எந்தக் கல்லூரி என்று பேசலாம்.

கேள்வி: கைப்பேசிக்கு மின்னேற்ற அங்கே என்ன பிளக்?
(வாசகர், புதுவயல்)

நம் வீட்டில் ஏசிக்கும் வெந்நீர் ஹீட்டருக்கும் போடுகிறோமே, பருத்த மூன்று முள் பிளக், அந்தக் குழிதான் பெரும்பாலும். சின்ன பிளக்கை அதில் செருகும் மாற்றுக்கட்டை காரைக்குடி மின்சாமான் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். விமான நிலையத்தில் அதற்கு யானை விலை சொல்வார்கள். இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்; ஒன்றைக் கண்டிப்பாக ஏதாவது ஒரு விடுதிச் சுவரிலேயே விட்டுவிட்டு வருவீர்கள்.